ஆத்தாளுக்குப் போட்ட நிழல்

அங்கம்மாவுக்குத் தோட்டத்தில் வேலை, தண்ணீர் காய்ச்சிக் கொண்டுபோய் ஊற்றுவது. வேலை என்று பேர்தான். அவள் காய்ச்சின தண்ணீரை எவனும் குடிக்கமாட்டான்.

ரப்பருக்கு நல்ல விலை வந்த காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு, இருபத்தாறு வாக்கில் இருக்கும். சாஆ என்கிற ஊரைச் சுற்றிலும் காட்டை வெட்டிக் கொளுத்திக் கன்று நட்டுக்கொண்டே போனார்கள். மரம் வளர்ந்த இடத்தில் பால் வெட்டுகிறவனுக்குத் தலைக்கு மேல் நிழல் இருக்கும். புதுக்காட்டில் அது ஏது? முழங்கால் உயரக் கன்றும் கரிந்துபோன மரமுண்டங்களும்தான். நடுவில் இடுப்பளவு லாலாங் புல். அந்தப் புல்லை வேரோடு கொத்தி எடுக்கவேண்டும். வேரில் ஒரு துண்டு மண்ணுக்குள் தங்கினால் போதும், அடுத்த மழைக்குப் பழையபடி எழுந்து நிற்கும். கொத்துகிறவனுக்கு மேலே வெயில், கீழே கருகின மண்ணின் சூடு. ரொட்டி மாதிரி இரண்டு பக்கமும் வேகவேண்டியதுதான்.

ஆள்கள் சாய்வாக வரிசை கட்டி, கொக்குக் கூட்டம் பறக்கிற மாதிரி, ஒருவனுக்கு ஒருவன் ஒரு எட்டு பின்னால் நின்று கொத்திக்கொண்டு போவார்கள். அதற்கு நிரை என்று பேர். நிரைக்கு முன்னால் போகிறவன் தலைவெட்டு. தலைவெட்டு திரும்பிப் பார்க்கமாட்டான், அது அவன் கௌரவம். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டால் அவனுக்குப் போதும். அவன் நிமிர்ந்தால்தான் மற்றவன் நிமிரலாம். அவன் தண்ணீர் குடித்தால்தான் மற்றவன் குடிக்கலாம். இது துரை போட்ட சட்டமும் இல்லை, கங்காணி போட்டதும் இல்லை. ஊர் வயலிலிருந்து கப்பலேறி வந்ததோ என்னவோ. ஆனால் துரை சட்டத்தைவிட இதற்குத்தான் ஆள்கள் பயந்தார்கள்.

அந்த நிரைக்குத் தலைவெட்டு அய்யாவு. அங்கம்மாவின் புருஷன்.

அவனுக்கு முன்னால் தலைவெட்டாக இருந்தவன் லெட்சுமணன், அங்கம்மாவின் கூடப்பிறந்த தம்பி. போன வருஷத்து வெயிலில் நிரைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவன், ஒரு பெரிய கரிமுண்டத்துக்குப் பக்கத்தில் மண்வெட்டியை விட்டுவிட்டுக் குடிகாரன் மாதிரி தள்ளாடினான். ஏதோ உளறினான். விழுந்தான். அப்போது அங்கம்மாவும் நிரையில் கொத்திக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். கழுத்து அடுப்பிலிருந்து இறக்கின தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. அவ்வளவு நேரமும் சட்டை பிழிய வேர்த்தவனுக்கு வேர்வை எங்கே போனது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

முனி அடித்துவிட்டது என்றார்கள். அந்த முண்டத்தில் முனி இருக்கிறது என்று முன்பே ஒரு பேச்சு உண்டு. விபூதி போட்டார்கள், வேப்பிலை அடித்தார்கள். எல்லாம் அதே வெயிலில் போட்டபடியே. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், சொன்னார்: "முனியும் இல்லை, கினியும் இல்லை. வெயில்தான், பிள்ளை. உடம்பிலே தண்ணி வத்திப் போச்சுது. வேர்க்கிறதும் நிண்டிட்டுது. சூடு போக வழி இல்லாமல் மண்டைக்கு ஏறியிட்டுது."

அங்கம்மா யாரோடும் வாதாடவில்லை. முனியா வெயிலா என்று பட்டிமன்றம் வைத்தால் தம்பி எழுந்து வரப்போவதில்லை. ஆனால் அந்தக் கழுத்தின் காய்ந்த சூடு அவள் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் மண்வெட்டியைப் பிடித்தபடி கொத்தாமல் நின்றுவிடுவாள். அர்ச்சுனன் கங்காணி நாலு நாள் பார்த்தார். திட்டிப் பார்த்தார். கடைசியில், "நீ தண்ணி தூக்கு போ" என்று அவளை நிரையிலிருந்து விலக்கிவிட்டார். வாந்திபேதி வந்ததிலிருந்து, காய்ச்சின தண்ணீர்தான் கொடுக்கவேண்டும் என்று துரை உத்தரவு. அதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அப்படித்தான் அங்கம்மா காண்டாக் கம்பைத் தோளில் வைத்தாள். கம்பின் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரம், தகரம் நிறையத் தண்ணீர். போகும்போது தளும்பும். திரும்பி வரும்போதும் தளும்பும்.

"ஏண்டா மூர்த்தி, நீயாவது ஒரு குவளை குடியேன்டா" என்பாள். மூர்த்தி சேலத்துப் பக்கமிருந்து கப்பல் இறங்கி இன்னும் ஒரு மாசம்கூட ஆகாத ஆள். இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு உடம்பு பழகவில்லை, வாய் மட்டும் நன்றாகப் பழகியிருந்தது.

"வேர்வையோட தண்ணி குடிச்சா ஜன்னி வந்துடும்க்கா."

"ஜன்னி வர்றதுக்கு வேர்வை வேணும்ல? இப்படியே குடிக்காம கெட, அப்புறம் வேர்க்கவே வேர்க்காது."

"அண்ணன் குடிச்சா நானும் குடிக்கிறேன். தலைவெட்டுக்கு முன்னாடி வாய் நனைச்சவன்னு எனக்குப் பேர் வாங்கிக் குடுக்கப் பாக்குறீங்களா?"

அந்த அண்ணன் முன்னால் வெற்றிலையை மென்றபடி கொத்திக்கொண்டு போவான். தலைவெட்டு ஆனதிலிருந்து அய்யாவுக்குப் பகலில் தண்ணீர் குடிப்பது ஒரு இளப்பமாகப் போய்விட்டது.

இந்த லட்சணத்தில் பங்குனித் திருவிழா வந்தது.

ஆள்கள் குடியிருக்கிற லயத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில். வருஷா வருஷம் காப்புக் கட்டித் தீமிதிப்பார்கள். காப்புக் கட்டினவன், சாயங்காலம் விளக்கு வைக்கிறவரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கவேண்டும். பழைய காட்டில், மர நிழலில் பால் வெட்டின காலத்தில் அது அவ்வளவு கஷ்டமில்லை. இப்போது முக்கால்வாசிப் பேர் புதுக்காட்டு வெயிலில். துரையோ தீமிதி அன்றைக்கு மட்டும்தான் லீவு என்றுவிட்டார். ஆனாலும் விரதம் மாறவில்லை. மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்த வருஷம் முதல் ஆளாகக் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டவன் அய்யாவு. அவனுக்குப் பின்னால் நிரையே கட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அங்கம்மா கேட்டாள்: "ஏங்க, இந்த வெயில்ல இது வேணுமா?"

"வெயிலுக்காகத்தான் கட்டியிருக்கேனா? உன் தம்பியை அடிச்ச முனி இன்னொருத்தன் மேல கை வைக்கக்கூடாதுன்னு ஆத்தாகிட்ட வேண்டிக் கட்டியிருக்கேன். நிரைக்காகக் கட்டினது."

"நிரைக்காகன்னா தண்ணி குடிச்சுட்டு இருங்களேன்."

"ஏய் புள்ள, என் விரதம் உன் தகரத்துல கரையணுமா?"

அவள் தகரத்தைக் கழுவப் போனாள். ஆனால் அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எவன் விழாமல் இருக்கவேண்டும் என்று காப்புக் கட்டியிருக்கிறார்களோ, அந்தக் காப்பே எவனையாவது விழவைக்கப் போகிறது. அது அநேகமாகத் தன் புருஷனாகத்தான் இருக்கும்.

மறுநாள் டிரசரிடம் போனாள். கனகசபை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"இஞ்ச பாரும் அங்கம்மா, நான் எத்தினை தரம் சொல்லியிட்டன். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாய்த் தண்ணி குடிக்க வேணும். தண்ணியிலே ஒரு சிட்டிகை உப்புப் போட வேணும், வேர்வையோட உப்பும் போகுது. இடையிலே நிழலிலே இருக்க வேணும். புதுசா வந்த ஆளுக்கு முழு வேலை குடுக்கப் படாது. ஆர் கேக்கினம்? நான் மருந்து குடுப்பன், விரதத்தை முறிக்க என்னட்டை மருந்து இல்லை."

"விரதம் முறியாம குடிச்சா, ஐயா?"

"அது உம்மட பூசாரியைக் கேக்கிற கேள்வி" என்றார். எரிச்சலாகத்தான் சொன்னார். ஆனால் அங்கம்மா அதை வழி சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

பூசாரி காளியப்பனும் நிரையில் கொத்துகிறவர்தான். வயசாளி, கடைசி ஆள். விரதத்தில் அவருக்குக் கெண்டைக்கால் சதை இரவெல்லாம் இழுத்துப் பிடித்திருந்தது. கோயில் படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

"பூசாரியண்ணே, ஆத்தாளுக்கு என்ன படைக்கிறீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குற. நீர்மோர், பானகம், கூழு."

"அதை விரதக்காரங்க வாங்கிக் குடிக்கலாமா?"

"ஆத்தா பிரசாதத்தை வேண்டாம்பானா எவனாவது? வேண்டாம்னாதான் குத்தம். ஆனா படைக்கிறது விளக்கு வச்ச பொறவுதானே."

"ஏன் அப்படி?"

காளியப்பன் யோசித்தார். "அப்பத்தானே எல்லாரும் கோயிலுக்கு வர்றாங்க."

அங்கம்மா அவர் பக்கத்தில் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். "அண்ணே, முனி இருக்கிறது புதுக்காட்டுல. ஆத்தா இருக்கிறது லயத்துல. காவல்காரியை வீட்டுல உக்காரவச்சுட்டு, திருடன் காட்டுல இருக்கான்னு பயந்தா எப்படி? கரகச் செம்பைக் காட்டுக்குக் கொண்டுவாங்க. அங்கேயே படைப்போம். நான் மோர் கரைச்சுக் கொண்டுவர்றேன்."

"வெயில்ல கரகம் வச்சா வேப்பிலை வாடும். வாடக்கூடாது."

"அதனாலதான் பந்தல் போடணும்."

பூசாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மோருக்கு உப்புப் போடுவியா?" என்றார்.

"கூழுக்குப் போடலியா?"

"போடத்தான் போடுறோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி காலை நீவினார். "கொஞ்சம் தூக்கலாவே போடு."

கங்காணியைச் சமாளிப்பதுதான் பாக்கி. அர்ச்சுனன் கங்காணிக்கு மீசை பெரிசு, துரைக்கு முன்னால் பயம் அதைவிடப் பெரிசு. புதுக்காட்டில் ஆள்களுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை போடச் சொல்லி ஆறு மாசமாக டிரசர் கேட்டு, ஆள் இல்லை, கீற்று இல்லை என்று தட்டிக்கழித்தவர் அவர்தான்.

"பந்தலா? யாரைக் கேட்டு?"

"ஆத்தாளுக்குங்க" என்றாள் அங்கம்மா.

கங்காணி கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மீசையைத் தடவினார். கழுத்தில் ஒரு தாயத்து கட்டியிருந்தார், அதையும் தடவினார்.

"ஆத்தாளுக்குன்னா... போட்டுத்தானே ஆகணும்" என்றார். "சின்னதாப் போடுங்க."

சின்னதாக யார் போடுவது? ஆத்தாளுக்கு ஆயிற்றே. அன்று சாயங்காலமே ஆள்கள் கழி வெட்டிக் கீற்று முடைந்து, நிரை முழுக்க உட்காருகிற அளவுக்குப் பந்தல் எழுப்பிவிட்டார்கள். தங்கள் தலைக்கு ஒரு கீற்றுக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள், மாவிலைத் தோரணம் வேறு கட்டினார்கள். முனி முண்டத்துக்கு நேரே, அதை முறைத்துப் பார்க்கிற மாதிரி கரகச் செம்பை வைத்தார் பூசாரி. மாடு வைத்திருந்த இரண்டு வீட்டில் அங்கம்மா தயிர் வாங்கிவைத்தாள். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டாள். தகரத்துக்கு மேல் ஈரச்சாக்கைச் சுற்றினாள், சூடு ஏறாமல்.

மறுநாள் முற்பகலில் வெயில் உறைக்க ஆரம்பித்ததும், வயசாளி பூசாரி நிரையிலிருந்து விலகிப் பந்தலுக்கு வந்து மணியை அடித்தார்.

நிரை தயங்கியது. எல்லாக் கண்ணும் முன்னால் போனது.

அய்யாவு நிற்கவில்லை. அவன் மண்வெட்டி ஏறி இறங்கியது. பின்னால் ஒவ்வொன்றாக மற்ற மண்வெட்டிகளும் தொடங்கின.

அங்கம்மா அவன் பக்கமாக நடந்துபோனாள். "ஏங்க, மணி கேக்கலியா?"

"கேட்டுச்சு."

"ஆத்தா கூப்பிடுறா."

"கூப்பிடுறது ஆத்தா இல்ல, நீ" என்றான் அவன், கொத்தியபடியே. "எனக்குத் தெரியாதா? பூசாரியை மடக்கிட்ட. கங்காணியை மடக்கிட்ட. என்னை மடக்க முடியாது. விளக்கு வச்சதும் வாங்கிக்கிறேன்."

பொய் சொல்ல அங்கம்மாவுக்கு வரவில்லை. "நான்தான்" என்றாள்.

அவன் கழுத்தைப் பார்த்தாள். வேர்வை இன்னும் வழிந்துகொண்டுதான் இருந்தது. முன்னைவிடக் குறைவு. உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. இவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அப்புறம்தான் நிரையைப் பார்த்தாள்.

மூர்த்தி வாயடிக்கவில்லை. காலையிலிருந்து அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புல் இல்லாத வெறும் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தான்.

"திரும்பிப் பாருங்க" என்றாள் புருஷனிடம்.

"தலைவெட்டு திரும்பமாட்டான்."

"என் தம்பியும் திரும்பல. அவன் பின்னாடி நாங்க எப்படி இருந்தோம்னு அவனுக்குத் தெரியாது. அவன் எப்படி இருந்தான்னு எங்களுக்கும் தெரியாது, முதுகைத்தானே பாத்துக்கிட்டிருந்தோம். நீங்க நிரைக்காகத்தானே காப்புக் கட்டினீங்க. அந்த நிரை எப்படி இருக்குதுன்னு ஒரு தடவை பாத்துடுங்க. பாத்துட்டு உங்க இஷ்டம்."

மண்வெட்டி இறங்கியது. மண்ணிலேயே நின்றது.

அய்யாவு திரும்பினான்.

அவன் பார்த்தது இதுதான். கொக்குக் கூட்டம் மாதிரி இருக்கவேண்டிய வரிசை அறுந்த கயிறு மாதிரி கிடந்தது. ஒருத்தி மண்வெட்டிக் காம்பில் நெற்றியை வைத்துச் சாய்ந்து நின்றாள். ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். மூர்த்தி ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான், நிமிர முயன்று பக்கவாட்டில் சாய்ந்தான். அத்தனை பேரும் அந்த நிலையிலும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாய் நனையவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

அய்யாவு மண்வெட்டியைக் கீழே போட்டான். நேரே பந்தலுக்கு நடந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காப்புக் கட்டின கையோடு மறு கையையும் சேர்த்துக் குவித்து, பூசாரி முன்னால் நீட்டினான்.

"ஊத்துங்கண்ணே. எல்லாரும் பாக்குற மாதிரி ஊத்துங்க."

குடித்தான். இன்னொரு தரம் நீட்டினான். அப்புறம் நிரையைப் பார்த்து, "வாங்கப்பா, ஆத்தா குடுக்குறா" என்று சத்தம் போட்டான். அவ்வளவுதான். நிரை பந்தலுக்குள் வந்து விழுந்தது.

மூர்த்தியை அய்யாவும் கங்காணியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அங்கம்மா பாய்ந்து அவன் கழுத்தில் கைவைத்தாள். கொதித்தது, ஆனால் ஈரம் இருந்தது. நசநசவென்று வேர்வை. அந்த ஈரம் கையில் பட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் வேலை செய்தாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். தகரத்தில் சுற்றியிருந்த ஈரச்சாக்கை உருவி அவன் மேல் போர்த்தினாள். தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றினாள். கங்காணி, தன் கௌரவத்தை எல்லாம் மறந்து, ஒரு கீற்றை எடுத்து விசிறினார். ஆள் ஒருவன் டிரசரைக் கூப்பிட ஓடினான்.

கண் தெளிந்து பேச்சு வந்த பிறகுதான் அவன் வாயில் மோரை வைத்தாள், மடக்கு மடக்காக.

"உப்பு ஜாஸ்திக்கா" என்றான் மூர்த்தி.

"வாய் வந்துடுச்சு" என்றார் பூசாரி. "பொழச்சுக்குவான்."

கனகசபை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, நிரை முழுக்க நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தது. பந்தலைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், கரகத்தைப் பார்த்தார். மூர்த்தியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, "இவனை ரெண்டு மூண்டு நாளைக்கு வேலைக்கு விடப் படாது" என்று கங்காணியிடம் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்து, தானும் கையை நீட்டினார்.

தீமிதி அந்த வருஷம் நன்றாக நடந்தது. அய்யாவு முதல் ஆளாக இறங்கினான். விரதம் கெட்டவன் கால் சுடும் என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்திருந்தார்கள். அவன் அந்தப் பக்கம் ஏறி நின்று இரண்டு பாதத்தையும் தூக்கிக் காட்டினான்.

திருவிழா முடிந்து கரகம் ஆற்றில் விடப்பட்டது. பந்தல் நின்றது. அதைப் பிரிக்கச் சொல்லக் கங்காணிக்குத் தைரியம் வரவில்லை, ஆத்தா உட்கார்ந்த இடம். ஒருநாள் குதிரையில் வந்த துரை அது என்ன என்று கேட்டார். "கோயில்" என்றார் கங்காணி. கோயிலில் ஆள்கள் ஏன் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்கள் என்று துரை கேட்கவில்லை. அந்த மாசக் கணக்கில் கொத்தி முடித்த காடு முன்னைவிடக் கூடுதலாக இருந்தது, குறையவில்லை. அதனால் கேட்காமல் விட்டாரோ என்னவோ. கொஞ்ச நாளில் கங்காணி தானாகவே, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு இருட்டோடு ஆள்களைக் கூப்பிட்டு, உச்சி வெயிலுக்கு முன்னால் கனத்த வேலையை முடிக்க ஆரம்பித்தார். யோசனை தன்னுடையது என்றும் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டும் என்று அங்கம்மா விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் எந்தப் புதுக்காடு திறந்தாலும் முதலில் ஒரு பந்தல் போடுவது அந்தத் தோட்டத்தில் வழக்கமாகிவிட்டது. கப்பல் இறங்கி வந்தவனைக் கொஞ்ச நாளைக்குப் பந்தல் பக்கத்து வேலைக்குத்தான் விடுவார்கள். வருஷம் ஓடி மூர்த்தியும் தலைவெட்டு ஆனான். புதிதாக வந்தவன் எவனாவது, வேர்வையோடு குடித்தால் ஜன்னி வரும் என்று ஆரம்பித்தால், "அந்தக் கதையை நான் அக்காகிட்ட சொல்லிப் பாத்துட்டேன், மேல சாக்கைப் போட்டுட்டாங்க" என்பான்.

அங்கம்மா தலை நரைக்கிறவரைக்கும் காண்டாக் கம்பு தூக்கினாள். போகும்போது தண்ணீரும் மோரும் தளும்பும். திரும்பும்போது காலித் தகரம் இரண்டும் ஒன்றோடொன்று மோதி ஊரைக் கூட்டும். லயத்தில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண்கள் அந்தச் சத்தம் கேட்டுத்தான் சோற்றுக்கு உலை வைப்பார்கள்.

அய்யாவு தலைவெட்டாக இருந்தவரைக்கும், மணி அடிப்பதற்கு முன்னால் ஒருதரம் நிமிர்ந்து திரும்பி, கடைசி ஆள்வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் குனிவான். எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டான்.

"கழுத்து வலிக்குது" என்பான்.